பனிமலையில் பயிற்சி வழிகாட்டி வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்றத்தில் ஓரளவு பழகி, அதையே தொழிலாக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். இங்குள்ள அளவுகள் பனியாறுகளும் பனி மூடிய செங்குத்தான சரிவுகளும் உள்ள உயர்ந்த மலைகளுக்குப் பொருந்தும். படித்துவிட்டுத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். கயிற்று வேலை முழுக்க, தகுதியுள்ளவர் பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டியது.

பயிற்சி வழிகாட்டி என்றால் சுமை தூக்கும் உதவியாளரா?

இல்லை, ஆனாலும் சுமை உண்டு. முழுத் தகுதி பெற்ற வழிகாட்டியின் மேற்பார்வையில், குழுவை நடத்தக் கற்றுக்கொள்பவர்தான் பயிற்சி வழிகாட்டி. பல நாடுகளில் இந்தப் படிநிலை, 1965-இல் தொடங்கப்பட்ட சர்வதேச மலை வழிகாட்டிகள் சங்கக் கூட்டமைப்பின் பாடத்திட்டப்படி நடக்கிறது. பாறை ஏற்றம், பனி-ஐஸ் ஏற்றம், பனிச்சறுக்கு மூன்றிலும் தேறினால்தான் முழுச் சான்றிதழ். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். இடையில் வரும் பயிற்சி நிலையில் எந்த மாதிரி மலைக்கு, எத்தனை பேரை, யாருடைய கண் முன்னால் கூட்டிப் போகலாம் என்பதை அந்தந்த நாட்டுச் சங்கம் வரையறுக்கும். வேலை ஒப்புக்கொள்ளும் முன் இந்த வரம்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

சேர்வதற்கு முன் எந்த அளவு ஏறியிருக்க வேண்டும்?

சங்கத்துக்குச் சங்கம் மாறும். எல்லோரும் கேட்பது ஏற்றப் பதிவேடு: தேதி, மலை, பாதை, கடினத் தரம், முன்னால் போனீர்களா பின்னால் போனீர்களா, வானிலை. உச்சிகளின் எண்ணிக்கையைவிட, பலவகை நிலைமைகளில் முன்னணியில் போன அனுபவமே மதிப்பிடப்படுகிறது. மோசமான வானிலையில் திரும்பி வந்ததையும் எழுதுங்கள். தேர்வாளர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. திரும்பியதே இல்லாத பதிவேடுதான் அவர்களை யோசிக்க வைக்கும்.

உடல் வலுவில் ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. உச்சிக்குப் போய் வந்த பிறகும் பாதி பலம் மிச்சமிருக்க வேண்டும். குழுவில் ஒருவர் தளர்ந்தால் அவர் பையும் உங்கள் முதுகுக்கு வரும்.

ஏன் நள்ளிரவில் கிளம்புகிறோம்?

பகலில் இளகிய பனி இரவில் இறுகுகிறது. இறுகிய பனியில் கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சட்டம்) நன்றாகப் பிடிக்கும், பனிப்பிளவுகளின் மேல் மூடியிருக்கும் பனிப்பாலம் எடையைத் தாங்கும், மேலிருக்கும் கற்கள் உறைந்து நிற்கும். வெயில் ஏற ஏற இவை ஒவ்வொன்றும் தளரும்.

கணக்கைக் கீழிருந்து மேலாகப் போடுங்கள். பனிப்பாலங்கள் உள்ள பகுதியைக் காலை 10 மணிக்குள் இறங்கிக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து அங்கே வர 2 மணி நேரம் என்றால், எங்கே நின்றாலும் 8 மணிக்குத் திரும்பியாக வேண்டும். ஏற வேண்டிய உயரம் 1,000 மீட்டர், குழு மணிக்கு 250 மீட்டர் உயரும் என்றால் 4 மணி நேரம். ஓய்வுக்கும் கிராம்பான் மாட்டுவதற்கும் 1 மணி. கையிருப்பாக இன்னொரு மணி. ஆக 2 மணிக்கு நடை தொடங்க வேண்டும், 12.30-க்கு எழ வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கப் பயிற்சி வழிகாட்டி 12 மணிக்கே எழுந்திருப்பார்.

இரவில் வானத்தையும் பாருங்கள். தெளிந்த இரவில் பனி தன் வெப்பத்தை வெளியே விட்டு, காற்று பூஜ்யம் டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு இறுகிவிடும். மேகம் மூடிய இரவில் அப்படி நடக்காது. 1 மணிக்கு வெளியே வந்து பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்தால், திட்டமிட்ட நேரங்கள் எதுவும் செல்லாது. அதைத் தலைமை வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

உங்கள் சொந்தக் கருவிகளோடு குழுவுக்கான பொருளும் சேரும். பனியாற்றில் ஒரு நாள் ஏற்றத்துக்குப் பொதுவாக இவை:

- ஹார்னெஸில் (இடுப்பில் கட்டும் வார்ப்பட்டை): பூட்டுள்ள காரபினர் (திறந்து மூடும் உலோக வளையம்) நான்கு, சாதா காரபினர் நான்கு, 120 செ.மீ. ஸ்லிங் (நாடா வளையம்) இரண்டு, 240 செ.மீ. ஸ்லிங் ஒன்று, 6 மி.மீ. கயிற்றில் ப்ரூசிக் வளையம் (முக்கியக் கயிற்றில் சுற்றினால், எடை வந்ததும் இறுகிப் பிடிப்பது) நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, ஐஸ் ஸ்க்ரூ (ஐஸில் திருகி ஏற்றும் குழாய் ஆணி) இரண்டு, பல் வைத்த புல்லி (கப்பி) ஒன்று.
- பையில்: பனிச்சரிவுக் கருவிகள், முதலுதவிப் பை, இருவர் நுழையும் அவசரக் கூடாரத் துணி, கூடுதல் கையுறை இரண்டு ஜோடி, கூடுதல் கண்ணாடி, தலைவிளக்கும் மாற்று பேட்டரியும், கத்தி, கிராம்பானை இறுக்கும் சிறு கருவி, கட்டுக்கம்பி, வெந்நீர் ஃபிளாஸ்க்.

கூடுதல் கையுறையை அலட்சியம் செய்யாதீர்கள். காற்றடிக்கும் முகட்டில் யாராவது கையுறையைக் கழற்றி, கட்டுநாடா இல்லாமல் மடியில் வைப்பார். அது பறந்த பத்து நிமிடத்தில் அவரால் காரபினரைத் திறக்க முடியாது.

ப்ரூசிக் கயிறு முக்கியக் கயிற்றைவிட மெலிதாக இருக்க வேண்டும். 9 மி.மீ. கயிற்றுக்கு 6 மி.மீ. சரி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமன் என்றால் முடிச்சு பிடிக்காமல் வழுகும்.

குழுவினரின் கிராம்பானை எப்படிச் சோதிப்பது?

முந்தைய நாளே, வெளிச்சத்தில், அவர்கள் அணியப்போகும் அதே பூட்ஸில். நாடாவைக் கட்டாமல் கிராம்பானைப் பொருத்தி, பூட்ஸைத் தூக்கி உலுக்குங்கள். கழன்று விழக்கூடாது. விழுந்தால் நடுப்பட்டையின் நீளத்தை ஒரு துளை குறையுங்கள். முன்முனைகள் பூட்ஸின் நுனியைத் தாண்டி 2 முதல் 2.5 செ.மீ. வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் நெம்புகோல் வைத்த வகை என்றால், குதிகால் விளிம்பில் அது ‘டக்’கென்று விசையோடு ஏற வேண்டும். விரல் நுனியால் எளிதாக ஏறினால் தளர்வு, இரண்டு கையாலும் ஏறாவிட்டால் இறுக்கம். மெல்லிய அடிப்பாகமுள்ள நடைப் பூட்ஸுக்கு நெம்புகோல் வகை ஒத்துவராது.

மலையில் கிராம்பான் கொக்கி எப்போதும் காலின் வெளிப்பக்கம் இருக்கட்டும். நாடாவின் மீதி நுனியை உள்ளே செருகிவிடுங்கள். தொங்கும் நுனியை அடுத்த காலின் முள் மிதித்தால் ஆள் தலைகுப்புற விழுவார். ஈரப்பனி அடியில் உருண்டையாக ஒட்டாமலிருக்கப் பிளாஸ்டிக் தகடு வேண்டும். தகடு இருந்தும் ஒட்டினால், பனிக்கோடரியின் பிடியால் பூட்ஸின் பக்கவாட்டில் தட்டச் சொல்லுங்கள்.

பனியாற்றில் கயிற்றின் இடைவெளி எவ்வளவு?

எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. நான்கைந்து பேர் என்றால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் 8 முதல் 10 மீட்டர். மூவர் என்றால் 10 முதல் 12. இருவர் மட்டும் என்றால் 15 மீட்டருக்குக் குறையக்கூடாது. நடுவில் நான்கைந்து பட்டாம்பூச்சி முடிச்சுகளும் போட வேண்டும். ஒருவர் விழும்போது அந்த முடிச்சு பிளவின் விளிம்புப் பனியில் சிக்கி இழுவையைக் குறைக்கும். முடிச்சு போட்டால் அதே கயிற்றில் ஆளை இழுத்து ஏற்ற முடியாது என்பதை மறக்காதீர்கள். அதனால் இரு முனையிலும் தேவையான அளவு மிச்சக்கயிறு இருக்க வேண்டும்.

50 மீட்டர் கயிற்றில் நால்வர் 9 மீட்டர் இடைவெளியில் போனால் 27 மீட்டர் செலவாகும். மிச்சம் 23. அதைத் தலைமை வழிகாட்டியும், கடைசியில் வரும் நீங்களும் சுருளாகத் தோளில் போட்டுக்கொள்வீர்கள். சுருளை முடிச்சிட்டு ஹார்னெஸோடு பூட்டுங்கள். பூட்டாத சுருள், இழுவை வந்ததும் கழுத்தை இறுக்கும்.

கடைசி ஆளாக நான் என்ன கவனிக்க வேண்டும்?

கயிற்றைத்தான். உங்களுக்கும் முன்னால் போகிறவருக்கும் இடையே கயிறு பனியை லேசாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். வளைந்து நெளிந்து கிடந்தால், விழுபவர் அந்தத் தொய்வு முழுவதும் வேகமெடுத்து, பிறகு உங்களை இழுப்பார். விறைப்பாக இருந்தால் முன்னால் போகிறவரின் நடை கெடும். திருப்பங்களில் தொய்வு விழும். அங்கே முன்னவர் வேகம் குறைந்ததும் நீங்களும் குறைக்க வேண்டும்.

பிளவு ஓடும் திசையையும் பாருங்கள். குழு அந்தத் திசைக்கு இணையாக, ஒரே பிளவின் நீளத்தில் வரிசையாக நடந்தால் எல்லோரும் ஒரே பாலத்தில் நிற்கிறார்கள் என்று பொருள். பிளவுக்குக் குறுக்காகத்தான் கடக்க வேண்டும். ஓய்வெடுக்க நிற்கும்போதுதான் குழுவினர் பேச்சு சுவாரசியத்தில் ஒன்றுகூடுவார்கள். இடைவெளி அப்படியே இருக்க, நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்ல வேண்டியது கடைசியில் வருபவர்தான். அதற்குக் கூச்சப்படக்கூடாது.

ஒருவர் பனிப்பிளவில் விழுந்துவிட்டால்?

வரிசை மாறக்கூடாது. பெரும்பாலான குளறுபடி, இரண்டாம் படி முடியுமுன் நான்காம் படிக்குத் தாவுவதால் வருகிறது.

1. விழுந்ததும் கயிற்றில் உள்ள மற்ற எல்லோரும் கீழே படுத்து, கோடரியையும் காலையும் பனியில் ஊன்றி நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் யாரும் அசையக்கூடாது.

2. எடையைத் தாங்கும் ஆளுக்குச் சற்றுப் பின்னால் ஆங்கர் (கயிற்றைக் கட்ட பனியிலோ ஐஸிலோ போடும் உறுதியான பிடிப்பு) அமையுங்கள். மெல்லிய பனியின் அடியில் ஐஸ் இருந்தால், மேல்பனியைச் சுரண்டிவிட்டு 16 செ.மீ.க்குக் குறையாத ஸ்க்ரூ இரண்டு. பனி மட்டும் என்றால் கோடரியைப் புதைக்கும் முறை. இழுவைக்குக் குறுக்காகப் பள்ளம் வெட்டுங்கள். இறுகிய பனியில் 30 செ.மீ., தளர்ந்த பனியில் 50 செ.மீ. அல்லது அதற்கும் மேல். பள்ளத்தின் முன்சுவர், அதாவது பிளவைப் பார்த்த பக்கம், சிதையாமல் இருக்க வேண்டும். எடையைத் தாங்குவது அந்தச் சுவர்தான், அதை மிதிக்காதீர்கள். கோடரியின் சமநிலைப் புள்ளியில் ஸ்லிங்கைச் சுருக்கிட்டு, அலகு கீழ்நோக்கி இருக்கும்படி படுக்க வையுங்கள். ஸ்லிங் வெளியே வர, பள்ளத்தின் நடுவிலிருந்து பிளவை நோக்கி ஒரு குறுகிய வாய்க்கால். இந்த வாய்க்கால் கோடரி கிடக்கும் அதே ஆழத்தில் தொடங்கி மெல்ல மேலேற வேண்டும். ஆழம் குறைவாக வெட்டினால் ஸ்லிங் கோடரியை மேல்நோக்கி இழுத்து, பள்ளத்திலிருந்தே பிடுங்கிவிடும். பயிற்சியில் ஆங்கர் பிடுங்கிக்கொண்டு வருவதற்கு அடிக்கடி இதுவே காரணம்.

3. ப்ரூசிக்கை எடை தாங்கும் கயிற்றில் போட்டு ஆங்கரோடு பூட்டி, எடையை மெதுவாக அதன்மேல் விடுங்கள். ஆங்கர் அசைகிறதா என்று பார்த்த பிறகே படுத்திருப்பவர் எழலாம். அந்தக் கயிற்றுக்கு முடிச்சிட்ட மாற்றுப் பிடிப்பும் வேண்டும்.

4. நீங்களும் கயிற்றில் பூட்டிக்கொண்டு விளிம்புக்குப் போய்ப் பேசுங்கள். காயமா? தலைகீழாகவா? ஏற முடியுமா? மேல்சட்டை தேவையா? காயமில்லாதவர் ப்ரூசிக்கில் தானே ஏறி வருவதுதான் பல நேரங்களில் வேகமான வழி.

5. இழுப்பதற்கு முன், கயிறு பதிந்த விளிம்புக்கு அடியில் கோடரிப் பிடியையோ பையையோ நுழைத்து, அதையும் நழுவாமல் பூட்டுங்கள். செய்யாவிட்டால் கயிறு பனிக்குள் அறுத்துக்கொண்டு போய், மேலே வருபவரின் தலை விளிம்பின் அடிப்பக்கம் முட்டும்.

6. பிறகு இழுவை. மிச்சக்கயிறு போதுமென்றால் புல்லியோடு வளையமாக இறக்கி, கீழே உள்ளவர் தன் ஹார்னெஸில் மாட்டிக்கொள்ளும் முறை எளிது. அதற்கு ஆள் இருக்கும் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு கயிறு தேவை. இல்லையென்றால் கயிற்றை ‘இசட்’ எழுத்துப் போல மடக்கி இழுக்கும் முறை. காகிதத்தில் அது மூன்று மடங்கு பலம் தரும். காரபினர் உராய்விலும் விளிம்பிலும் போனது போக, கைக்கு வருவது அதைவிட வெகுவாகக் குறைவு.

சரிவில் குழுவினரைக் குட்டையான கயிற்றில் பிடித்து நடப்பது ஏன் அவ்வளவு கடினம்?

பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். நாய்க்குட்டியைச் சங்கிலியில் கூட்டிப் போவது போல என்று கேலிகூடச் செய்வார்கள். ஆனால் இந்தத் தொழிலில் அதிகம் கற்க வேண்டியது இதுதான். உங்களுக்கும் அவருக்கும் நடுவே கயிறு ஒன்று, ஒன்றரை மீட்டர். நீங்கள் சற்று மேலே நிற்கிறீர்கள். சரிவின் கீழ்ப்பக்கக் கையில் கயிறு, மேல்பக்கக் கையில் கோடரி. முழங்கை மடங்கியிருக்க வேண்டும். நீட்டிய கைக்குப் பிடிப்பு கிடையாது. கயிறு எப்போதும் லேசான இழுப்பில் இருக்க வேண்டும். வழுக்கல் தொடங்கிய அந்த நொடியிலேயே அவரை நிமிர்த்துவதுதான் இதன் வேலை. அவர் உடல் வேகமெடுத்த பிறகு உங்களால் நிறுத்த முடியாது, இருவரும் போவீர்கள்.

எனவே இறுகிய செங்குத்துச் சரிவிலும் வெறும் ஐஸிலும் இந்த முறையை நம்பக்கூடாது. ஆங்கர் போட்டு, ஒவ்வொரு கயிற்று நீளமாக நகர வேண்டும். நேரம் ஆகும்தான். எங்கே ஒரு முறையை விட்டு மற்றதற்கு மாறுவது என்று தலைமை வழிகாட்டி எடுக்கும் முடிவை ஒவ்வொரு முறையும் கவனித்து, காரணத்தை மாலையில் கேளுங்கள். பயிற்சிக் காலம் இருப்பதே அதற்குத்தான்.

பனிச்சரிவு ஆபத்துக்கு என்ன முன்னேற்பாடு?

30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் தொடங்குகின்றன. நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும் மேலே அப்படிப்பட்ட சரிவு இருந்தால் ஆபத்துதான். எச்சரிக்கை ஐந்து படிகளில் வரும். மூன்றாம் படி நடுவில் இருப்பதால் மிதமானது என்று குழுவினர் நினைப்பார்கள். ஒரே ஆளின் எடை சரிவைக் கிளப்பக்கூடிய நிலை அது.

ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும், சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி), ப்ரோப் (பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), உலோக ஷவல் (பனி தோண்டும் மண்வாரி) மூன்றும் இருக்க வேண்டும். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. கிளம்புமுன் ஒவ்வொருவராக உங்களைக் கடந்து நடக்கச் செய்து, அவர்கள் பீக்கன் அனுப்புகிறதா என்று உங்களுடையதில் பாருங்கள். பிறகு உங்களுடையதை மற்றொருவர் சோதிக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனைதான் விட்டுப்போகும், வழிகாட்டியுடைய கருவியே ‘தேடு’ நிலையில் நின்றுவிடும். கைபேசி, சூடேற்றும் கையுறை போன்றவை பீக்கனிலிருந்து 20 செ.மீ. தள்ளி, தேடும்போது 50 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

புதைந்தவர் உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ப்ரோப்பைப் பனிப்பரப்புக்குச் செங்குத்தாக, 25 செ.மீ. இடைவெளியில் சுழல் வடிவில் குத்துங்கள். தட்டுப்பட்டதும் ப்ரோப்பை எடுக்காமல் அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கமிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள். நேர் மேலிருந்து தோண்டினால் மூச்சுவெளியை நீங்களே மிதித்து நசுக்குவீர்கள்.

உயர நோயை எப்படி அடையாளம் காண்பது?

2,500 மீட்டருக்கு மேல் தலைவலி வந்து, கூடவே குமட்டலோ களைப்போ தலைச்சுற்றலோ இருந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதே உயரத்தில் ஓய்வு, சரியாகும்வரை மேலே போகக்கூடாது. தடுப்பதற்கு: 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இன்னொரு இரவு.

உயிருக்கு ஆபத்தானவை இரண்டு. மூளை வீக்கத்தில் நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஒரு குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் இறக்க வேண்டியதுதான். நுரையீரல் வீக்கத்தில், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் நிற்காது, உதடு நீலமாகும். இரண்டுக்கும் உடனே கீழே இறக்குவதுதான் சிகிச்சை. ஆக்சிஜனும் மருந்தும் இறக்குவதற்குத் துணை. அவற்றைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மருந்து கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு எந்த அளவு உண்டு என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சி வழிகாட்டிக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. தலைவலியை மறைப்பவர்கள் தலைமை வழிகாட்டியிடம்தான் மறைப்பார்கள். தேநீர் ஊற்றிக்கொடுக்கும் உங்களிடம் சொல்லிவிடுவார்கள். கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள்.

தலைமை வழிகாட்டி தவறு செய்வதாகத் தோன்றினால் பேசலாமா?

பேச வேண்டும். 1820-இல் ஆல்ப்ஸின் மோன் பிளாங் மலையில் பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அதன் அடிவார ஊரான ஷமோனியில் வழிகாட்டிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அனுபவசாலிகள் இருக்கும் குழுவும் தவறும் என்பது இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல.

எப்படிப் பேசுவது என்பதில்தான் விஷயம். குழுவினர் காதில் விழாமல், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். “சார், இது ஆபத்து” என்றால் பயம் மட்டும்தான் போய்ச் சேரும். “மூன்றாவது ஆள் பத்து நிமிடமாக இரண்டு அடிக்கு ஒருமுறை நிற்கிறார், மணி 7.20, இன்னும் 300 மீட்டர் இருக்கிறது” என்றால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

மூடுபனியில் வழி தெரியாமல் போனால்?

ஜிபிஎஸ் தடத்தை மட்டும் நம்பாதீர்கள். குளிரில் பேட்டரி படுத்துவிடும், கருவியை உடலோடு ஒட்டி வையுங்கள். ஏறும்போதே திருப்பங்களில் மூங்கில் குச்சி நட்டு, ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் திசைக்கோணத்தையும் குறித்துக்கொண்டால் இறங்குவது எளிது. குச்சிகளின் இடைவெளி கயிற்றின் நீளத்தைத் தாண்டக்கூடாது. கடைசி ஆள் ஒரு குச்சியருகே நிற்க, முன்னால் உள்ளவர் அடுத்ததைத் தேடுவார்.

உயரமானியை ஒவ்வொரு தெரிந்த இடத்திலும் திருத்துங்கள். கூடாரத்தில் வைத்த உயரமானி இரவில் 40 மீட்டர் ‘ஏறியிருந்தால்’, மலை வளரவில்லை. காற்றழுத்தம் சுமார் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கிறது. வானிலை கெடப்போகிறது.

பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பதில் இத்தனை நேரம் ஏன் போகிறது?

பூஜ்யம் டிகிரிப் பனியை அதே வெப்பநிலைத் தண்ணீராக்கவே, அந்தத் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடேற்றும் அளவு வெப்பம் தேவை. ஆளுக்கு 3 லிட்டர், ஆறு பேர் என்றால் 18 லிட்டர். மாலையில் கூடாரம் போட்டதும் அடுப்பு பற்ற வேண்டும்.

பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். வெறும் பாத்திரத்தில் திணித்தால் அடிப்பனி உருகி மேலே உறிஞ்சப்பட, வெற்று அடி தீய்ந்து தண்ணீரே கருகல் வாடை அடிக்கும். மூடியைத் திறந்து வைக்காதீர்கள். எரிவாயுக் குடுவையில் ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது வேண்டும். சாதாரண பியூட்டேன் −0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. கூடாரத்துக்குள் அடுப்பு வைத்தால் மேலும் கீழும் காற்று வழி திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அதன் தலைவலி உயர நோயைப் போலவே இருக்கும்.

பனி எடுக்கும் இடத்தையும் கழிப்பிடத்தையும் முதல் வேலையாகக் குறித்து எல்லோருக்கும் காட்டுங்கள்.

உறைகடி வந்தால் தேய்க்கலாமா?

கூடாது. திசு சிதையும். மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் இளக்கவும் கூடாது. பாதுகாப்பான இடத்தில் 37 முதல் 39 டிகிரித் தண்ணீரில் இளக்குங்கள். கண்ணையும் பனி வெளிச்சத்திலிருந்து காக்க வேண்டும்: நான்காம் வகை, அதாவது மிக அடர்ந்த கறுப்புக் கண்ணாடி, பக்கவாட்டு மறைப்போடு. மேகமூட்டத்திலும் கழற்றக்கூடாது.

மீட்பு ஹெலிகாப்டருக்கு எப்படிச் சைகை காட்டுவது?

இரண்டு கையையும் ‘ஒய்’ போல உயர்த்தினால் ‘உதவி வேண்டும்’. ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் ‘வேண்டாம்’. வேடிக்கையாகக் கையசைக்கும் குழுவினரை அடக்குங்கள். பறக்கக்கூடிய எல்லாவற்றையும் கட்டிவைத்து, விமானி பார்த்துத் தலையசைக்கும்வரை நெருங்காதீர்கள். கருவி எதுவும் இல்லாத நிலையில், விளக்காலோ விசிலாலோ நிமிடத்துக்கு ஆறு சைகை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்றாக வரும்.

இறங்கிய பிறகு?

குழுவினர் படுத்ததும் உங்கள் வேலை முடியாது. கயிற்றை முழுநீளமும் கைக்குள் ஓடவிட்டுப் பாருங்கள். கிராம்பான் முள் மிதித்த இடத்தில் உறை கிழிந்திருக்கலாம், உள்ளே மென்மையாகத் தட்டுப்பட்டால் அந்தக் கயிறு இனி வேண்டாம். ஈரக்கயிறு நிழலில் காய வேண்டும், அடுப்பருகில் கூடாது. ஐஸ் ஸ்க்ரூவின் உட்குழாயில் தங்கிய ஐஸை உடல் சூட்டில் இளக்கி எடுங்கள், இரும்பால் தட்டினால் பல் மழுங்கும். முன்முனைகளை அரத்தால் கூர்தீட்டும்போது கைஅரம் போதும். சுழலும் சாணை உலோகத்தைச் சூடாக்கி அதன் உறுதியைக் கெடுத்துவிடும்.

பிறகு பதிவேடு. புறப்பட்ட நேரம், ஒவ்வொரு கட்டத்தின் நேரம், பனியின் நிலை, யார் எங்கே தளர்ந்தார், எந்த முடிவு எப்போது எடுக்கப்பட்டது. தலைமை வழிகாட்டியின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பருவம் முடிந்து அவர் வேறு மலைக்குப் போன பின் தேடினால் கிடைக்கமாட்டார்.